டிவி டாங்கிளுக்குள் ஒரு வானொலி



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், டிஜிட்டல் தொலைக்காட்சி டியூனருக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் எழுதுவது. இது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டுமான பேச்சோ என்று யாரும் தயங்க வேண்டாம். ஒரு வரி நிரலைக்கூட நான் இங்கே வாசித்துக் காட்டப் போவதில்லை. கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பொருளின் கதையைச் சொல்லப் போகிறேன். அது தைவானில் பிறந்தது. ஐரோப்பாவில் விலை போனது. பின்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரேசிலிலும் இருந்த சிலர் அதைத் திறந்து பார்த்தார்கள். திறந்து பார்த்த பிறகு அது பழைய பொருளாக இருக்கவில்லை.

டிரைவர் எதற்கு? கணினியில் செருகிய பொருளை வேலை செய்யவைப்பதற்கு. இது எல்லாருக்கும் தெரிந்த பதில். பாதிப் பதில்தான். ஒரு பொருள் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்துவிட்டால், அந்தப் பொருளைச் செய்தவரே நினைத்துப் பார்க்காத வேலையெல்லாம் அது செய்யத் தொடங்கும். இதுதான் என் கட்சி. இதை நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு சாட்சி போதும். அந்தச் சாட்சியின் பெயர் ஆர்டிஎல்2832யு.

பெயர் வாயில் நுழையவில்லை, தெரியும். ரியல்டெக் என்ற தைவான் நிறுவனம் செய்த சிப் அது. ஒரு முனையில் ஆன்டெனா செருகும் துளை, மறுமுனையில் யூஎஸ்பி, நடுவில் இந்தச் சிப்: இதைத்தான் டாங்கிள் என்பார்கள். மடிக்கணினியில் செருகினால் வீட்டுக் கூரை ஆன்டெனாவில் வரும் டிஜிட்டல் டிவியைப் பார்க்கலாம். பெட்டிக்குள் ஒரு சிடி இருக்கும். சிடியில் விண்டோஸுக்கான டிரைவர் இருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர் செருகினால்? விளக்கு எரியும். அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கதை ஐரோப்பாவில் நடக்கிறது? அங்கே கூரை ஆன்டெனா சாகவில்லை. பிரிட்டன் 1998-இலேயே தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. பெர்லின் நகரத்தில் 2003 ஆகஸ்டில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியே விட்டார்கள். பின்லாந்தில் 2007 செப்டம்பர் முதல் தேதியோடு நிறுத்தினார்கள். டிவி வேண்டுமா, டிஜிட்டல் டியூனர் வேண்டும். அந்தப் பின்லாந்தில்தான் லினக்ஸ் பிறந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன் வீட்டு டிவி தன் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்ற எரிச்சல், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கே வந்துவிட்டது.

அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. பெர்லினில் கன்வர்ஜென்ஸ் என்றொரு சிறு நிறுவனம். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோக்கியா அவர்களை அணுகியது. டிஜிட்டல் டிவிக்கென்று லினக்ஸில் ஒரு பொது இடைமுகம் வேண்டும் என்றது. இருவரும் சேர்ந்து அதை உருவாக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். இதனால் என்ன நடந்தது? டிவி பார்க்கும் நிரலை எழுதுகிறவர் எந்தச் சிப் என்று கவலைப்பட வேண்டியதில்லை. சிப்புக்கு டிரைவர் எழுதுகிறவர் எந்த நிரல் என்று கவலைப்பட வேண்டியதில்லை. நடுவில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

சரி, அந்த டாங்கிளுக்குள் என்னதான் நடக்கிறது? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், பின்னால் தேவைப்படும்.

ஆன்டெனாவில் வந்து விழுவது எல்லாம் கலந்த அலை. எஃப்எம், செல்போன், விமானம், டிவி எல்லாமே அதில் இருக்கின்றன. அதிலிருந்து நமக்கு வேண்டிய 8 மெகாஹெர்ட்ஸ் அகலத் துண்டை மட்டும் பிரித்தெடுப்பது முதல் சிப்பின் வேலை. அதுதான் டியூனர். அந்தத் துண்டுக்குள் ஒரே ஓர் அலை இல்லை. டிவிபி-டி என்ற ஐரோப்பிய முறையில், 8கே என்ற வகையில், அந்த 8 மெகாஹெர்ட்ஸுக்குள் 6,817 மெல்லிய அலைகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சில பிட்டுகளைத் தூக்கி வருகிறது. அவற்றைப் பிரித்து, வழியில் சிதைந்த பிட்டுகளைத் திருத்தி, தகவலாகக் கோப்பது இரண்டாவது வேலை. அதைச் செய்வது டீமாடுலேட்டர். வெளியே வருவது 188 பைட் கொண்ட பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும், பதினாறடிமான எண்ணில், 47. அந்த 47 வரிசையாக, 188 பைட்டுக்கு ஒருமுறை, தவறாமல் வந்துவிட்டால் டிரைவர் எழுதுகிறவர் அன்றிரவு நன்றாகத் தூங்குவார். மூன்றாவது வேலை, இந்தப் பொட்டலங்களை யூஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தள்ளுவது.

ஆர்டிஎல்2832யு இரண்டாவது வேலையையும் மூன்றாவது வேலையையும் தானே செய்துவிடும். டியூனர் மட்டும் தனிச் சிப். அந்த டியூனரில்தான் தகராறு. டாங்கிள் விற்கும் கம்பெனி இந்த மாதம் ஒரு டியூனரைப் போடும், அடுத்த மாதம் விலை குறைந்த வேறொன்றைப் போடும். பெட்டியில் அதே பெயர், அதே படம், அதே விலை. உள்ளே வேறு ஆள்!

அப்படியானால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐ2சி என்று இரண்டு கம்பிப் பாதை ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இன்றைக்கும் உங்கள் செல்போனில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு முகவரி. லினக்ஸ் டிரைவர் முகவரி முகவரியாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. ஓர் இடத்தில் ஏ1 என்று பதில் வந்தால் உள்ளே இருப்பது எஃப்சி0012. அதே முகவரியில் ஏ3 என்று வந்தால் எஃப்சி0013. வேறொரு முகவரியில் 40 என்று வந்தால் ஈ4000. இன்னொன்றில் 69 என்று வந்தால் ஆர்820டி.   சில சிப்புகள் ரீசெட் கம்பியை ஒருமுறை ஆட்டிவிட்ட பிறகுதான் வாயையே திறக்கும். அதையும் டிரைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. டியூனர் கையாளும் அலை மிக மெல்லியது. பக்கத்தில் ஐ2சி கம்பியில் சிப்புகள் பேசிக்கொண்டே இருந்தால் அந்தச் சத்தமே அலையில் கலந்துவிடும். அதனால் டீமாடுலேட்டருக்குள் ஒரு சிறு தடுப்பு வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அறைக்கதவை வீட்டார் சாத்திவைப்பது போலத்தான். டிரைவர் அந்தக் கதவைத் திறக்க வேண்டும், டியூனரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், உடனே மூட வேண்டும். திறக்க மறந்தால் டியூனர் இருக்கிறதா என்றே தெரியாது. மூட மறந்தால் படம் வரும், ஆனால் அவ்வப்போது உடையும். இரண்டாவது தவறுதான் கொடுமை. ஏனென்றால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

இதையெல்லாம் எங்கே படித்துத் தெரிந்துகொள்வது? டேட்டாஷீட் என்று ஒன்று உண்டு. சிப்பைச் செய்தவர் எழுதும் குறிப்பேடு. எந்த ரெஜிஸ்டரில், அதாவது சிப்பின் எந்த அறையில், எந்த எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்று அதில் இருக்கும். கேட்டால் கிடைக்குமா? லட்சக்கணக்கில் சிப் வாங்கும் கம்பெனிக்குக் கிடைக்கும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு. ஒரே ஒரு டாங்கிள் வாங்கிய மனிதருக்குப் பெரும்பாலும் பதில் கடிதமே வராது.

பதில் வராவிட்டால் என்ன செய்வது? பார்த்துக் கற்றுக்கொள்வது. விண்டோஸில் அந்த டாங்கிள் வேலை செய்கிறதல்லவா? அங்கே கணினிக்கும் டாங்கிளுக்கும் நடுவில் யூஎஸ்பி கம்பியில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பதைப் பதிவு செய்யலாம். அதற்கென்றே நிரல்கள் உண்டு. பதிவைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் எண்கள், எண்கள், எண்கள். தலை சுற்றும். இதில் எதைத் தேடுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் 21-ஆம் சேனலின் நடு அலைவெண் 474 மெகாஹெர்ட்ஸ். 22-ஆம் சேனல் 482. முதலில் 21-ஐ வைத்து ஒரு பதிவு. பிறகு 22-ஐ வைத்து ஒரு பதிவு. மற்ற எதையும் தொடக் கூடாது. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் ஒன்றேபோல் இருக்கும். இரண்டு மூன்று பைட்டுகள் மட்டும் மாறியிருக்கும். அந்த பைட்டுகளில்தான் அலைவெண் ஒளிந்திருக்கிறது. 23-ஐ வையுங்கள், 24-ஐ வையுங்கள். எண் ஒரே அளவாக ஏறுகிறதா? ஏறினால் வகுத்தல் வாய்பாடு கையில் அகப்பட்டுவிட்டது. எங்கேயாவது திடீரென்று குதிக்கிறதா? அங்கே சிப் உள்ளே வேறொரு வடிகட்டிக்கு மாறுகிறது. பள்ளிக்கூட அறிவியல் ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்: மற்றதை நிலையாக வை, ஒன்றை மட்டும் மாற்று, எழுதிக்கொள்.  

இது திருட்டில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். தன் காசில் வாங்கிய பொருள், தன் கம்பியில் என்ன அனுப்புகிறது என்று பார்ப்பது திருட்டில்லை. ஒரு நிரலோடு இன்னொரு நிரல் இணைந்து வேலை செய்யத் தேவையான விவரத்தை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, ஆராய்ந்து அறிய ஐரோப்பிய சமூகம் 1991-ஆம் ஆண்டிலேயே வழி விட்டது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. மற்றவர் எழுதிய நிரலை அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது வேறு. அதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை, லினக்ஸிலும் இடமில்லை.

இந்த எல்லைக்கோடு எவ்வளவு கவனமாகக் காக்கப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். சில சிப்புகள் வெறும் சிப்பாக வருவதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் அவற்றுக்குள் ஃபர்ம்வேர் என்ற நிரலை ஏற்ற வேண்டும். அந்த ஃபர்ம்வேர் கம்பெனியின் சொத்து. லினக்ஸோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி இல்லை. லினக்ஸ் டிரைவர் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விண்டோஸ் டிரைவரை நீயே இறக்கிக்கொள், அதன் வயிற்றிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்க ஒரு நிரல் மட்டும் தருகிறோம் என்றார்கள். எக்ஸ்சி3028 என்ற டியூனருக்கு இப்படி வெட்டியெடுக்கும் கோப்பில் ஒன்றல்ல, இரண்டல்ல, 80 ஃபர்ம்வேர் துண்டுகள்! ஒவ்வொரு நாட்டு முறைக்கும் ஒன்று, ஒவ்வொரு அலை அகலத்துக்கும் ஒன்று. நல்லவேளை, நம் ஆர்டிஎல்2832யு இந்த வம்பே இல்லாதது. ஃபர்ம்வேர் கேட்காது.

டிரைவர் ஓரளவு எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். படம் வருமா? உடனே வராது. லினக்ஸின் டிவி இடைமுகம் ஐந்து படிகளைச் சொல்கிறது. அலை ஏதோ வருகிறது என்பது முதல் படி. அது நமக்கு வேண்டிய வகை அலைதான் என்பது இரண்டாவது. பிழைதிருத்தும் பகுதி பிடித்துக்கொண்டது என்பது மூன்றாவது. சற்று முன் சொன்ன அந்த 47 வரிசையாக வருகிறது என்பது நான்காவது. எல்லாம் கூடிவந்து பூட்டிக்கொண்டது என்பது ஐந்தாவது. எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்தே தவறு எங்கே என்று சொல்லிவிடலாம். முதல் படியே ஏறவில்லையா? டியூனரைப் பாருங்கள். இரண்டாவதில் நின்று மூன்றாவதுக்குப் போகவில்லையா? பெரும்பாலும் டீமாடுலேட்டருக்குச் சொன்ன ஏதோ ஓர் எண் தவறு. ஐந்தும் வந்த பிறகும் படம் இல்லையா? யூஎஸ்பியைப் பாருங்கள், அல்லது ஆன்டெனா கம்பியைப் பாருங்கள். கம்பி சரியாகச் செருகப்படாமல் இரவெல்லாம் நிரலைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

நண்பர்களே, இதுவரை சொன்னது டிவி டிரைவரின் கதை. இத்தனை பேர் உழைத்தார்கள், டிவி தெரிந்தது, சுபம் என்று முடித்திருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். இனிமேல்தான் கதை.

அந்த டாங்கிளின் பெட்டியில் இன்னொரு வசதியும் எழுதியிருந்தது. எஃப்எம் வானொலியும் கேட்கலாம்! டிவிக்கான சிப்பில் எஃப்எம் எப்படி வருகிறது? 2012 பிப்ரவரியில் ஆன்ட்டி பலோசாரி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். பின்லாந்துக்காரர். லினக்ஸ் டிவி டிரைவர்கள் பலவற்றை எழுதியவர். விண்டோஸில் எஃப்எம் ஓடும்போது யூஎஸ்பி கம்பியில் என்ன போகிறது என்று பதிவு செய்து பார்த்தார். பாட்டுக்குரிய ஒலி போகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஒலி போகவில்லை. வேறு ஏதோ போனது.

என்ன போனது? பிரிக்கப்படாத, திருத்தப்படாத, பச்சை அலை. ஆன்டெனாவில் விழுந்த அலையை நொடிக்குப் பல லட்சம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டெட்டு பிட் கொண்ட இரண்டு எண்களாக்கி, அப்படியே கணினிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது அந்தச் சிப். ஏன்? சிக்கனம்! எஃப்எம்முக்கென்று தனியாக ஒரு சுற்றைச் சிப்பில் வைத்தால் செலவு. அதற்குப் பதிலாக அலையை அப்படியே அனுப்பிவிடு, கணினியில் ஓடும் நிரல் எஃப்எம்மைப் பிரித்துக்கொள்ளட்டும் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு மூலையில் காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை. அந்த மூலையில்தான் பொக்கிஷம் இருந்தது.

புரிகிறதா இதன் பொருள்? டிவி என்ற வேலையை மறந்துவிடுங்கள். எந்த அலையையும் பிடித்து, எண்ணாக்கி, கணினியில் கொட்டக்கூடிய கருவி இது. எஃப்எம் நிரல் எழுதினால் எஃப்எம் ரேடியோ. விமான நிரல் எழுதினால் விமானக் கருவி. கப்பல் நிரல் எழுதினால் கப்பல் கருவி. இப்படிப்பட்ட கருவிக்குப் பெயர் மென்பொருள் வானொலி. அதுவரை அதற்குப் பெரும்பாலும் பல நூறு டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் வாங்கும், ராணுவம் வாங்கும். 2012-இல் அதன் விலை சுமார் 20 டாலர் ஆயிற்று. டிவி விற்கும் கடையில் கிடைத்தது!

இதற்கு முன்பும் சிலர் இதன் ஓரத்தைத் தொட்டிருந்தார்கள். ஆனால் இந்த முறை செய்தி போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம். செல்பேசித் தொடர்பைத் திறந்த மூலமாக எழுதிக்கொண்டிருந்த ஆஸ்மோகாம் குழுவினர் அப்போது தாங்களே ஒரு மென்பொருள் வானொலியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்கள் வைத்திருந்த டியூனர் எது தெரியுமா? அதே ஈ4000. அதற்கான நிரல் அவர்கள் கையில் தயார். ஸ்டீவ் மார்க்கிராஃப் உள்ளிட்டவர்கள் சேர்ந்து ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற நிரலை வெளியிட்டார்கள். அதே 2012-இல்.

அந்தக் கருவி எவ்வளவு தருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 24 லட்சம் அளவுகள் வரை இழப்பில்லாமல் தரும். ஓர் அளவுக்கு இரண்டு பைட். நொடிக்கு 48 லட்சம் பைட். எட்டு பிட் நுட்பம் என்பது பெரிய நுட்பம் இல்லை. விலை உயர்ந்த கருவிகளின் பக்கத்தில் நிற்காது. அதன் படிகமும் மலிவானது, சூடேறினால் அலைவெண் நகரும். நான் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஆனால் யார் கைக்கு எட்டுகிறது என்பதும் ஒரு நுட்பம்தான்.

கைக்கு எட்டியதும் என்ன ஆனது? பயணிகள் விமானங்கள் 1,090 மெகாஹெர்ட்ஸில் தங்கள் அடையாளம், உயரம், இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. 112 பிட் கொண்ட குட்டிச் செய்திகள். அந்த அலைவெண்ணில் எந்த டிவியும் வராது. ஆனால் ஆர்820டி டியூனர் ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 வரை பிடிக்கும்! ரெடிஸ் என்ற தரவுத்தள நிரலை எழுதிப் பெயர் பெற்ற இத்தாலியர் சால்வதோரே சன்ஃபிலிப்போ 2012-இலேயே டம்ப்1090 என்று ஒரு நிரல் எழுதினார். டாங்கிளைச் செருகி, சிறு கம்பியை ஆன்டெனாவாக நீட்டி வைத்தால் ஊருக்கு மேலே போகும் விமானங்கள் வரைபடத்தில் நகரும். 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் மேகப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தன. 2025-இல் அவை ஓய்வு பெறும்வரை பள்ளிப் பிள்ளைகள்கூட இந்த டாங்கிளை வைத்து அந்தப் படங்களை இறக்கினார்கள். கப்பல்கள் 162 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. நம் பால்வீதியில் உள்ள ஹைட்ரஜன் 1,420 மெகாஹெர்ட்ஸில் மெலிதாக ஒலிக்கிறது. அதையும் நல்ல ஆன்டெனாவும் பெருக்கியும் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். டிவி பார்க்க வாங்கிய டாங்கிளில் பால்வீதி! எந்த அலையையும் கேட்க எல்லா நாட்டுச் சட்டமும் இடம் தருவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். மாணவர்கள் கவனிக்கவும்.

இப்போது என் சாட்சியை முழுதாக விசாரிக்கிறேன். இவ்வளவும் நடந்த பிறகு, டிவி டிரைவருக்கு இதனால் என்ன லாபம்? கேளுங்கள். ஆர்820டி டியூனருக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் அப்போது டிரைவர் இல்லை. கடைகளில் அந்த டாங்கிள்தான் குவிந்தது. வானொலிக்காரர்களோ தங்கள் தேவைக்காக அந்த டியூனருக்கு ஒரு நிரலைத் தயாராக வைத்திருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில். 2013-இல் மவுரோ கார்வால்யோ செஹாப் அந்த நிரலை ஆதாரமாக வைத்துக் கர்னலுக்கு ஒரு புதிய டிரைவர் எழுதினார். பிரேசில் நாட்டவர், லினக்ஸின் ஊடகப் பகுதியைப் பராமரிப்பவர். கோப்பின் தலைப்பிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். பாருங்கள் இந்தப் பயணத்தை! டிவி டிரைவர்க்காரர் கண்டுபிடித்ததை வானொலிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். வானொலிக்காரர்கள் வைத்திருந்த நிரல் திரும்பி வந்து டிவி டிரைவராயிற்று. யாரும் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. உரிமத்திலேயே அனுமதி எழுதியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைக்கு லினக்ஸில் அந்த டாங்கிளைச் செருகினால் கர்னல் முந்திக்கொண்டு, இது டிவி, என்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். வானொலி நிரல் வந்து கேட்டால் கொடுக்காது. அதனால் வானொலி கேட்க விரும்புகிறவர் முதலில் செய்யும் வேலை, இத்தனை பேர் உழைத்து எழுதிய அந்த டிவி டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது!

கம்பெனிகளே லினக்ஸுக்கு டிரைவர் கொடுப்பதில்லையா என்றால், சில சமயம் கொடுப்பார்கள். ஒரு குறிப்பிட்ட கர்னல் பதிப்புக்கு எழுதி, ஒரு கோப்பாக வெளியிட்டுவிட்டு, அடுத்த சிப்புக்குப் போய்விடுவார்கள். கர்னல் உள்ளே அடிக்கடி மாறும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பு தொகுக்கப்படாது. கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரின் கதை வேறு. உள்கட்டமைப்பை மாற்றுகிறவரே எல்லா டிரைவர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அங்கே மரபு. ஈ4000 டியூனரைச் செய்த ஸ்காட்லாந்து நிறுவனம் எலோனிக்ஸ் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சிப்பைப் பற்றிக் கேட்க இன்றைக்கு ஆளில்லை. டிரைவர் இருக்கிறது. டாங்கிள் ஓடுகிறது.

கர்னலுக்குள் நுழைவது எளிதா? எளிதல்ல, எளிதாக இருக்கவும் கூடாது. படிக்கிறவர்கள் கடுமையாகப் படிப்பார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது, இந்தத் தாமதம் ஏன் 20 மில்லிவினாடி, இதற்கு ஏற்கெனவே பொது நிரல் இருக்கும்போது நீ ஏன் தனியாக எழுதினாய் என்று கேட்பார்கள். இடைமுகத்தையே மாற்ற வேண்டி வந்தால் சண்டை இன்னும் பெரிது. டிவிபி-எஸ்2 என்ற புதிய செயற்கைக்கோள் முறை வந்தபோது பழைய இடைமுகத்தில் அதற்கு இடமில்லை. இரண்டு திட்டங்கள் போட்டியிட்டன. மனக்கசப்பு நிறைய. கடைசியில் எஸ்2ஏபிஐ என்ற திட்டம் 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலில் சேர்ந்தது. அதன் அமைப்பு எப்படிப்பட்டது என்றால், இன்னொரு புதிய முறை வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். சண்டை போட்டது வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். இந்த டாங்கிளை வாங்கிச் சென்னையில் செருகினால் டிவி தெரியுமா? தெரியாது. தூர்தர்ஷன் 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு, டிவிபி-டி2 என்ற அடுத்த தலைமுறை. ஆர்டிஎல்2832யு படிப்பது முதல் தலைமுறை மட்டும். ஆனால் பின்னால் ஒரு விசித்திரமான டாங்கிள் வந்தது. அதில் ரியல்டெக் சிப்புக்குப் பக்கத்தில் பானசோனிக்கின் எம்என்88472 அல்லது 88473 என்ற இரண்டாவது டீமாடுலேட்டரை ஒட்டவைத்திருந்தார்கள், டி2 படிப்பதற்காக. ஒரே டாங்கிளில் இரண்டு டீமாடுலேட்டர், ஒரே டியூனர். அதற்கும் 2014-இல் டிரைவர் வந்தது. எழுதியவர் யார்? அதே பலோசாரி.

மார்க்கிராஃபும் சும்மா இருக்கவில்லை. 2018-இல் அவர் இன்னொரு மலிவுப் பொருளை எடுத்துக்கொண்டார். யூஎஸ்பியிலிருந்து பழைய விஜிஏ திரைக்கு இணைப்புத் தரும் அடாப்டர். அதில் இருந்த எஃப்எல்2000 என்ற சிப் கணினி தரும் எண்களை இடைவிடாமல் மின்னழுத்தமாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது என்று கவனித்தார். திரைக்குப் போகும் மின்னழுத்தத்தை அலையாக்கினால்? ஆஸ்மோ-எஃப்எல்2கே என்ற நிரலை வெளியிட்டார். டிவி டாங்கிள் வானொலி வாங்கியானது போலவே, திரை அடாப்டர் வானொலி அனுப்பியாயிற்று. உரிமமில்லாமல் அலையை வெளியே விடுவது குற்றம்; ஆன்டெனா மாட்டாமல் கம்பி வழியாகச் சோதிப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

தொடங்க விரும்புகிற மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வழி. புதிய சிப்பில் தொடங்காதீர்கள். கர்னலின் மூல நிரலில் டிவி டியூனர்களுக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதில் ஆர்820டி கோப்பைத் திறந்து தலைப்பிலிருந்து படியுங்கள். பிறகு அதே டியூனருக்கு வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது, ஏன் பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டாங்கிளை வாங்கிச் செருகி, படித்தது நடக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஒரு டாங்கிள் உங்கள் கையில் மாட்டினால் அதன் அடையாள எண்ணைச் சேர்த்து பேட்ச் என்ற ஒரு வரித் திருத்தத்தை அனுப்புங்கள். பலருடைய முதல் பேட்ச் அந்த ஒரு வரிதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். டாங்கிள் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்தால் பிரித்துப் பார்க்கலாம்.